எதை எடுத்தாலும் ஒன்று போகும் என்பதை எப்படி எழுதுவது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஏற்காடு பக்கம் உங்கள் அப்பா தனியாக இருக்கிறார். சின்னக் காபித் தோட்டம். வயது ஏறிவிட்டது, இரவில் பக்கத்தில் ஆள் வேண்டும். நீங்கள் சேலத்தில் வேலையில் இருக்கிறீர்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைக் கீழே கூட்டி வரலாம், அல்லது நீங்கள் வேலையை விட்டுவிட்டு மேலே போகலாம், அல்லது ஆள் வைத்து அவரை அங்கேயே இருக்க விடலாம். மூன்றிலும் குறை உண்டு. யோசித்து, குத்தகை என்று முடிவு செய்துவிட்டீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு அதைத் தெரிவித்து எழுதிய கடிதத்தில் 'வேறு வழியில்லாமல் இந்தத் தர்மசங்கடமான முடிவை எடுக்க வேண்டியதாயிற்று' என்று ஒரு வரி. 'தர்மசங்கடம் இதற்குப் பொருந்தாது, இருதலைக் கொள்ளி எறும்பு என்று எழுது' என்கிறார் தம்பி. யார் சொல்வது சரி, அல்லது இரண்டையும் விட நல்ல சொல் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

கேள்வி ஒரு சொல்லைப் பற்றியதுதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரியது என்று தோன்றுகிறது. 'யோசித்துத்தான் செய்தேன், ஆனாலும் இதில் ஒன்று போகிறது என்பது எனக்குத் தெரியும்' என்பதை, அழுகிற மாதிரியும் இல்லாமல் வாதாடுகிற மாதிரியும் இல்லாமல் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு எப்படி எழுதுவது? இதற்குப் பதில் சொல்ல முடியும். நான் சேலத்தில் பள்ளியில் தமிழ் கற்பித்தவன், இப்போது மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் பார்க்கிறேன். ஆங்கிலத்திலிருந்து வரும் கட்டுரைகளில் என்னை அடிக்கடி நிறுத்தி வைக்கும் இடம் இதுதான். உங்கள் முடிவு சரியா தவறா என்பதில் தலையிட மாட்டேன், அது உங்கள் வீட்டுக் காரியம். பேச்சு வழக்கு பற்றிச் சொல்வதை எல்லாம் சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்துக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே காதுக்கு வேறு மாதிரி படலாம்.

தர்மசங்கடத்தில் உங்கள் தம்பி முக்கால்வாசி சரி. சொல்லைப் பிரித்தால் நீங்கள் நினைத்த பொருள்தான் வரும். சங்கடம் என்பதற்கு வடமொழி மூலத்தில் இடுக்கு, நெருக்கம் என்ற பொருள் உண்டு. இரண்டு கடமைகளுக்கு நடுவில் இடுக்கில் மாட்டிக்கொள்வது தர்மசங்கடம். உபன்யாசத்தில் அர்ஜுனனைப் பற்றிப் பேசுகிறவர் அந்தச் சொல்லைச் சொன்னால் இன்றைக்கும் அந்தப் பொருளில்தான் கேட்கிறோம். ஆனால் வீட்டுப் பேச்சில் அது எப்போதோ இறங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் 'பையனுக்குச் சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டால் தர்மசங்கடம். கைமாற்றாகப் பணம் வாங்கியவர் எதிரே வந்துவிட்டால் தர்மசங்கடம். கூச்சம், முகம் கொடுக்க முடியாமை, பதில் சொல்ல முடியாமை, இவ்வளவுதான் இப்போது அதில் மிச்சம். இன்னொன்றும் இருக்கிறது. தர்மசங்கடத்தில் நம்மை மாட்டிவிடுவது பெரும்பாலும் இன்னொரு ஆள். 'என்னைத் தர்மசங்கடத்துக்கு ஆளாக்காதீர்கள்' என்றுதான் சொல்கிறோம். உங்கள் வரியைப் படிக்கும் பெரியப்பா, 'யார் இந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தியது, தம்பியா, நானா?' என்று யோசிப்பார். அவர் உபன்யாசம் விடாமல் கேட்கிறவர் என்றால் பழைய பொருளிலேயே புரிந்துகொள்ளவும் கூடும். அந்தக் கால்வாசிச் சந்தேகத்தை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

தம்பி சொன்ன எறும்புக்கு வருவோம். இரண்டு முனையிலும் பற்றி எரிகிற கொள்ளி, நடுவில் எறும்பு, எந்தப் பக்கம் ஓடினாலும் நெருப்பு. திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பத்தில் 'இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு ஒத்து' என்று வருகிறது. அதற்கும் முன்னால் அகநானூற்றில் 339ஆம் பாட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதில் வருவது இன்றைய செய்தித்தாள் எறும்பு இல்லை. பொருள் தேடுவதற்காக அவளைப் பிரிகிறவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான்: 'ஆண்மை வாங்கக் காமம் தட்பக் கவைபடு நெஞ்சம்'. செய்ய வேண்டிய காரியம் ஒரு பக்கம் இழுக்கிறது, அவள்மேல் உள்ள அன்பு மறுபக்கம் தடுத்து நிறுத்துகிறது, நெஞ்சு கிளைக்கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் எறும்பு வருகிறது: 'இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி ஒருதலைப் படாஅ உறவி போன்றனம்.' உறவி என்றால் எறும்பு.

இங்கே இழுக்கிற இரண்டும் நல்லவைதான். சம்பாதிக்கப் போவதும் சரி, அவளோடு இருப்பதும் சரி. இரண்டும் நல்லவையாக இருப்பதால்தான் சுடுகிறது. இப்போது நாம் எழுதும்போது இரண்டு பக்கமும் கெடுதல் என்ற பொருளில்தான் எழுதுகிறோம். 'கூட்டணியில் இருந்தாலும் தலைவலி, விலகினாலும் தலைவலி' என்ற செய்திக்கு மேலே எறும்பைத் தலைப்பாகப் போடுகிறோம். அதில் தப்பில்லை, சொல் அப்படித்தான் நகரும். ஆனால் உங்கள் நிலைமை பழைய பாட்டுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது, அவரை அவர் மண்ணில் இருக்க விடுவதும் நல்லது. அந்த வகையில் தம்பி சொன்னது தர்மசங்கடத்தைவிட நல்ல தேர்வு.

இருந்தும் அதில் இரண்டு இடறல். உங்களிடம் இருந்தது மூன்று வழி, 'இருதலை' அதற்குப் போதாது. இது சின்னக் குறைதான், யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவதுதான் பெரியது. அந்த எறும்பு 'ஒருதலைப் படாஅ உறவி', அதாவது இன்னும் ஒரு பக்கமாக முடிவுக்கு வராத எறும்பு. நீங்கள் வந்துவிட்டீர்கள். முடிவைத் தெரிவிக்கிற கடிதத்தில் எறும்பைப் போட்டால், 'இன்னும் தவித்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் போய் ஒரு பக்கம் தள்ளிவிடலாம்' என்று பெரியப்பா புறப்பட்டு வந்துவிடுவார். முடிவுக்கு முன்னால் இருந்த நாட்களைச் சொல்வதற்கு வேண்டுமானால் அந்த எறும்பு பொருந்தும். அதே நாட்களுக்கு எனக்குப் பிடித்தது நற்றிணை 284ஆம் பாட்டுதான். ஊரை விட்டு வந்தவனிடம் நெஞ்சு 'அவளிடம் திரும்பிப் போ' என்கிறது, அறிவு 'எடுத்த வேலையை முடிக்காமல் போனால் இளிவு' என்கிறது. இரண்டு களிறுகள் மாறி மாறிப் பற்றி இழுக்கிற 'தேய்புரிப் பழங்கயிறு' போல என் உடம்பு அற்றுப்போகுமோ என்று கேட்கிறான். பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே அவரை அழைக்கிறோம். இரண்டு யானையில் எது ஜெயிக்கும் என்று அவர் கேட்கவில்லை, கயிற்றைப் பார்த்துவிட்டார். பெற்றவரையும் வேலையையும் ஒரே நேரத்தில் பார்க்கிற யாருக்கும் அந்தக் கயிறு தெரியும்.

பேச்சில் இருக்கும் மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். மதில்மேல் பூனை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை, இவை எல்லாம் தேர்ந்தெடுக்கிற ஆளைத் திட்டுகிற சொற்கள். கூழும் மீசையும் நல்ல உதாரணம்: இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலைமையை அவ்வளவு சுருக்கமாக வேறெதுவும் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போதே ஆளைப் பேராசைக்காரன் ஆக்கிவிடுகிறது. திண்டாட்டம், அல்லாடுவது, 'முன்னே போனால் கடிக்கிறது பின்னே போனால் உதைக்கிறது' ஆகியவை இரக்கம் கேட்கிற சொற்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இரண்டு மனிதர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு. அப்பாவும் தம்பியும் சண்டை போட்டு நீங்கள் நடுவில் நின்றால் அதை எழுதலாம், இப்போது வேண்டாம். இக்கட்டு நல்ல சொல், ஆனால் அதில் ஆபத்தின் வாடை அடிக்கும், பணமுடை என்று நினைத்துக்கொள்வார்கள். குழப்பம் கூடவே கூடாது. உங்களுக்குக் குழப்பம் எதுவும் இல்லை, எது போகிறது என்று தெளிவாகத் தெரிந்துதானே மனசு கனக்கிறது. 'இரண்டு மனசாக இருக்கிறது' என்பதுதான் இருக்கிறதிலேயே இயல்பானது. போனில் பேசும்போது அதையே சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டகம் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. எதை எடுத்தாலும் சிக்கல் என்ற நிலைமையைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லான டிலெம்மாவுக்குத் தனித்தமிழில் எழுதுகிறேன் என்று 'இரண்டக நிலை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்கியவர்கள் 'இரண்டு' என்பதை மனதில் வைத்து ஆக்கியிருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் இரண்டகம் என்றால் துரோகம்தான். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. குடும்ப நிலத்தைப் பற்றிய கடிதத்தில், பெரியப்பாவுக்கு, 'இரண்டக நிலையில் இந்த முடிவை எடுத்தேன்' என்று எழுதினால் மறுவாரம் பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும்.

உங்கள் வரியில் எனக்கு அதிகமாக இடிப்பது தர்மசங்கடம்கூட இல்லை, 'வேறு வழியில்லாமல்'தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் தாமஸ் ஹாப்சன் என்று வாடகைக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் இருந்தார், 1631இல் இறந்தார். லாயத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற குதிரையை எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் நடந்து போக வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த ஒழுங்கு. நிறையக் குதிரை நின்றாலும் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது ஒன்றுதான். அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கும் ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட நிலைமையைக் குறிக்கிறார்கள். நம் 'வேறு வழியில்லை' அந்த நிலைமைக்கு உரியது, தேர்ந்தெடுக்கவே இடமில்லாதபோது சொல்வது. உங்களுக்கு மூன்று வழி இருந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். தேர்ந்தெடுத்ததை மறைக்கத்தான் அந்தச் சொல் அதிகமாகப் பயன்படுகிறது, அதனால்தான் படிக்கிறவர்களுக்கு உடனே சந்தேகம் வருகிறது. பெரியப்பா முதலில் கேட்கப்போவதும் 'ஏன், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?' என்றுதான்.

அப்படியானால் எது சரியான சொல்? இதுவரை பார்த்தவை எல்லாம் தேர்ந்தெடுக்கிற ஆளின் நிலைமையைச் சொல்கின்றன, அவன் தவிப்பதை, தயங்குவதை, அடிபடுவதை. முன்னால் இருக்கிற வழிகள் எதுவும் முழுசாக இல்லை என்பதை, ஆளைத் தொடாமல், வழிகளைப் பற்றி மட்டும் சொல்கிற ஒற்றைப் பெயர்ச்சொல் வழக்கில் நிலைபெறவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போவதைப் பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்பார்கள், சரியான சொல்தான், ஆனால் அதை வீட்டுக் கடிதத்தில் எழுத முடியாது. 'விட்டுக்கொடுத்தல்' என்றால் இன்னொருவருக்காக விட்டுக்கொடுப்பதாகிவிடும். 'சமரசம்' என்றால் இரண்டு கட்சி வேண்டும். ஆனால் பெயர்ச்சொல் இல்லை என்பதால் நாம் அதைச் சொல்லாமலா இருக்கிறோம்? வினையில் சொல்கிறோம். 'ஒன்றைப் பிடித்தால் ஒன்று போகிறது' என்கிறோம்.

இதை உங்கள் அப்பாவிடமே கேட்கலாம், தோட்டத்துக்காரருக்கு இது தினப்படி விஷயம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து சேர்வராயன் மலையில் நிழலுக்குக் கீழேதான் காபி வளர்கிறது. எவ்வளவு நிழல் என்பதில்தான் சிக்கல். சில்வர் ஓக்கையும் பலாவையும் கிளை கழித்துவிட்டு வெயிலை உள்ளே விட்டால் பூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் அராபிகாச் செடிக்கு எமனான வெள்ளைத் தண்டு துளைப்பானுக்கும் அந்த வெயில்தான் பிடிக்கும். வண்டு வெயில் படுகிற தண்டாகப் பார்த்துப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்துகொண்டு போகும், வெளியே பட்டையில் மேடு மேடாகத் தடித்திருப்பதைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். சரி என்று நிழலை அடர்த்தியாக விட்டால், மழையும் மூடுபனியுமாக இருக்கிற மாதங்களில் ஈரம் காயாமல் கருப்பழுகல் வரும், இலையும் காயும் கறுத்துத் தொங்கும், காய்த்துளைப்பானும் சேர்ந்துகொள்ளும். குறையே இல்லாத நிழல் என்று ஒன்று கிடையாது. எந்தப் பாத்தியில் எதைப் பொறுத்துக்கொள்வது என்று பார்த்துக் கழிக்கிறார்கள். அதைச் செய்கிற யாரும் தர்மசங்கடத்தில் இருப்பதாகச் சொல்வதில்லை, இருதலைக் கொள்ளி என்றும் சொல்வதில்லை. 'இந்தப் பக்கம் கழித்தால் இவ்வளவு போகும், பரவாயில்லை' என்கிறார்கள். உங்கள் கடிதத்துக்கு வேண்டிய குரல் அதுதான்.

இலக்கியத்தில் இந்தக் குரல் கேட்கிற இடம் திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரம். பலரும் எடுத்துக்காட்டுவது 'செய்தக்க அல்ல செயக்கெடும்' என்ற 466ஆம் குறளை. அது உங்களுக்குப் பொருந்தாது. அங்கே செய்யத்தக்கது ஒன்று, தகாதது ஒன்று என்று தெளிவாகப் பிரித்துவிட்டார். உங்களுடைய மூன்றில் தகாதது எதுவும் இல்லை. பொருந்துவது அதிகாரத்தின் முதல் குறள்: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.' இந்தக் காரியத்தால் எது அழியும், எது ஆகும், ஆனபின் மேலும் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய். அழிவதைத்தான் முதலில் வைத்திருக்கிறார். உரைகாரர்கள் இதை அரசனின் காரியமாகத்தான் விளக்குவார்கள், பொருட்பாலில் இருப்பதால் அது நியாயம்தான். அதை உங்கள் வீட்டுக்கு நீட்டுவது என் பொறுப்பில். 'ஆவதும் அழிவதும்' என்ற ஜோடி இன்றைக்கும் புரியும். பேச்சு நடையில் வேண்டுமென்றால் 'இதில் கிடைப்பதும் உண்டு, போவதும் உண்டு' என்று எழுதலாம்.

ஆக, நான் எழுதுவதாக இருந்தால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுவேன்: 'தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம், பெரியப்பா. அப்பா கீழே எங்களோடு வந்துவிடுவார். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதையும், நான் மேலே போய்விடுவதையும் யோசித்துப் பார்த்தோம். எதை எடுத்தாலும் ஒன்று போகத்தான் செய்கிறது. இதில், இரவில் அவர் தனியாக இருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும். ஆனால் காலையில் எழுந்ததும் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்வருவது அவருக்கு இனி இல்லை. தாத்தா வைத்த செடியை இன்னொருவர் கவாத்துப் பண்ணுவார். அது தெரிந்துதான் செய்கிறோம்.' சொல்லைத் தேடுவதைவிட, போவது என்ன என்று பெயர் சொல்லி ஒரு வரி எழுதுவதுதான் இங்கே வேலை செய்கிறது. 'காட்டுக்குள் ஒரு சுற்று' என்று நான் ஊகித்து எழுதியிருக்கிறேன், உங்கள் அப்பாவுக்கு அது எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். டிலெம்மா என்றே எழுதலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். அலுவலகத்து நண்பருக்கு என்றால் தாராளமாக எழுதலாம், அந்தச் சொல் தமிழ்ப் பேச்சில் கலந்துதான் கிடக்கிறது. இந்தக் கடிதத்தில் மட்டும் அது கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கடைசியாக வினைமுற்று. உங்கள் வரியில் இருந்த 'எடுக்க வேண்டியதாயிற்று' என்பதில் எடுத்தது யார் என்றே இல்லை. அது போகட்டும் என்று நான் 'முடிவு செய்திருக்கிறோம்' என்று மாற்றியிருக்கிறேன், அப்பாவும் ஒப்புக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையில். அவர் இன்னும் அரைமனசாகத்தான் இருக்கிறார் என்றால் 'செய்திருக்கிறேன்' என்றே எழுதிவிடுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே பெரியப்பாவும் அப்பாவும் போனில் பேசிக்கொள்வார்கள்.